பிரிட்ஜில் இன்னொரு டப்பா

பேக்கிங் பிரிவு அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி கத்தும்போதெல்லாம் வேலையை உதறிவிடலாமா என்றிருக்கும். ஆனால் வேலையோடு கம்பெனி இன்ஷூரன்ஸும் போய்விடும். அப்புறம் இன்சுலினுக்கு எங்கே போவாள்? சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் கழற்றிவிடுவார்களோ என்ற பயத்தில், மருந்தைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒளித்துத்தான் ஆபீஸ் பிரிட்ஜில் வைப்பாள்.

இன்று அவசரத்தில் வேறொரு டப்பாவைத் திறந்துவிட்டாள். உள்ளே அதே மருந்து. மூடியில் சூப்பர்வைசரின் பெயர். இந்த மனுஷனும் இதற்காகத்தான் இங்கேயே கிடக்கிறாரா?

பின்னால் அவரே நின்றிருந்தார், முகம் வெளிறிப்போய். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

அவள் தன் டப்பாவைத் திறந்து காட்டினாள்.

"முதல்ல ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடுங்க சார். திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம்."