அக்கா வைத்த எலுமிச்சம்பழம்

செமோர் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பழைய மண்டபம் மட்டும் இடிபடாமல் கிடக்கிறது. துப்பறியும் தொடர் ஒன்றின் ஓர் அத்தியாயத்தை அங்கே படம்பிடித்தார்கள். மேடையில் மந்திரவாதி ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் அனுப்புவான். பெட்டியைத் திறந்தால் அவள் இருக்கமாட்டாள். பிறகு பிணமாகக் கிடைப்பாள். கொலைகாரன் யாரென்பது முதல் விளம்பரத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும், துப்பறிவாளரைத் தவிர.

பார்வையாளர்களாக உட்கார ஆள் தேடினார்கள் என்று ஈப்போவிலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம். அதில் என் அக்காவுக்கு மட்டும் வசனம் கிடைத்தது. பெட்டி திறந்ததும் எழுந்து நின்று, "உள்ள யாருமே இல்ல" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குள் எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்க அவள் நடிகையாகிவிட்டாள்.

அக்கா கோவில் திருவிழாவில் மைக் பிடிப்பவள். அன்னதான வரிசை, வழி மறித்து நிற்கும் கார், எல்லாம் அவள் குரலில்தான். பெட்டியில் ஆளில்லை என்பதையும் அப்படியே அறிவித்தாள். மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத கோலாலம்பூர் இயக்குநர், "மெதுவா அக்கா, வயித்துல பயம் இருக்கணும்" என்று கெஞ்சினார். என் அக்காவின் வயிற்றில் பயமா? அலுத்துப்போய் கடைசியில் ஓகே சொன்னார்.

அதோடு விட்டாளா? சாப்பாட்டு நேரத்தில் மேடைக்குப் போய் அந்தப் பெட்டியைச் சுற்றி வந்தாள். புதுப் பெட்டி, கீழே சக்கரங்கள். புது மோட்டார் சைக்கிளோ லாரியோ, எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எங்களில் யாரும் ஓட்டமாட்டோம். ஒரு பெண் மாயமாகப்போகிற வண்டி மட்டும் சும்மா உருளலாமா? அக்காவின் கைப்பையில் பழம் எப்போதும் இருக்கும். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த காட்சிக்குப் பெட்டியைத் தள்ளினார்கள். ஒரு பழம் நசுங்கியது, இன்னொன்று நசுங்காமல் சக்கரத்தில் சிக்கியது. பெட்டி சாய்ந்து, பின்கதவு திறந்துகொண்டது. மாயமாகியிருக்க வேண்டிய பெண் உள்ளே முழங்காலை மடக்கி உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் வித்தை என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம். இயக்குநர் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி, பழம் வைத்தது யார் என்று திட்டிக்கொண்டே கேட்டார்.

"நான்தான் தம்பி. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வச்சேன் லா."

பிறகு அதே வசனத்தை ஒரு கோலாலம்பூர்ப் பெண்ணையும் சொல்லவைத்துப் படம்பிடித்தார். இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதைப் போடுவோம் என்றார். எது நன்றாக இருக்கும் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

ஒளிபரப்பன்று தாமானில் பாதிப்பேர் அக்கா வீட்டு ஹாலில் இருந்தார்கள். மீஹூன் கோரேங், முறுக்கு, தேத்தண்ணி. டிவி பார்க்க அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். டிவிக்குள்ளிருந்து யாராவது உன்னைப் பார்ப்பார்களா என்று நான் கிண்டல் செய்தேன். காதில் வாங்கவில்லை.

பெட்டி திறந்தது. எழுந்து நின்றது கோலாலம்பூர்ப் பெண். நன்றாகவே சொன்னாள், அதுதான் எரிச்சலாக இருந்தது. எங்கள் வரிசையே வரவில்லை. அடுத்து துப்பறிவாளர் குனிந்து, சக்கரத்தடியிலிருந்து நசுங்கிய பழத்தை எடுத்து, கொலைகாரன் விட்டுப்போன தடயம் என்றார். திட்டிய வாயாலேயே அந்தப் பழத்தைக் கதையில் சேர்த்திருக்கிறார் இயக்குநர். வீடே அதிர்ந்தது. "அக்கா, உங்க பழம் லா!" எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அவளும் சிரித்தாள். மிச்ச மீஹூனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து எல்லாரையும் வழியனுப்பினாள். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா டிவியை அணைத்துவிட்டு, அதே பட்டுச்சேலையோடு அதன்முன் கொஞ்ச நேரம் நின்றாள்.

"உள்ள யாருமே இல்ல" என்றாள். இயக்குநர் கேட்டாரே, அந்த மாதிரி, மெதுவாக.