மனு வாங்க வந்தவரும் ஒரு வேப்ப மரமும்

போன வாரம் ஒரு வேட்பாளரிடம் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசப் போனேன். சிரிக்காதீர்கள்... தேர்தல் சமயத்தில்தானே அவர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள்? அப்போது விட்டால் எப்போது பிடிப்பது?

யோசனை என்னுடையதுதான். சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பாப்பாத்தி அக்கா எனக்குப் பழைய சிநேகம். அவர் ஷெட்டின் மேற்குக் கோடியில் இரண்டு வேப்ப மரங்கள். சாயங்கால வெயிலை அவைதான் தடுத்தன. அப்படியும் போன கோடையில் எத்தனையோ கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கூண்டிலேயே செத்தன.

"வருசா வருசம் வெயில் ஏறுதுங்க. ஏரிக்கரை மரத்தையெல்லாம் வெட்டறாங்க. ஆருகிட்டப் போயிச் சொல்றது?" என்றார் அக்கா.

"வேட்பாளரையே இங்க கூப்பிடுவோம்க்கா. இந்த மரத்தடியில நிக்க வெச்சு மனு குடுப்போம். நிழலோட அருமை அவருக்கும் தெரியட்டும்!" என்றேன்.

நாலு பக்கம் மனு எழுதினேன். ஏரி, மரம், மழை, கார்பன்... ஒன்றையும் விடவில்லை. கட்சி ஆபீஸில், "அண்ணன் கட்டாயம் வருவாருங்க" என்றார்கள். சொன்ன நாளில் முதலில் வந்தது அண்ணன் அல்ல. மரம் அறுக்கும் மெஷினோடு நாலு பேர்!

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு வேம்பு தரையில் கிடந்தது. அக்கா தலையில் கை வைத்து நின்றார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை கேக்காம வெட்டிப்போட்டீங்களே?"

"பிரசார வண்டி உசரமுங்க. அண்ணன் மேல நிக்கறாரு. கிளை மூஞ்சியில அடிச்சா?"

"அப்பக் கிளைய வெட்டறது! மரத்தையே எதுக்குங்க?"

"வண்டி திருப்போணுமில்லீங்க?"

தலைவர் வண்டி வாசல்வரை வராவிட்டால் எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைச்சல். ரோட்டில் இறங்கி நாலு எட்டு நடந்தால் தேய்ந்தா போவார்? போகட்டும், மரத்திடம் அனுமதி கேட்க அதன் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லையே!

அண்ணன் வந்தார். இறங்கவே இல்லை. மேலே நின்றபடி மனுவை வாங்கி, பிரிக்காமலே பின்னால் கொடுத்தார். மைக்கைப் பிடித்தார்.

"இந்த வெயிலுக்கு ஆருங்க காரணம்? அவிய ஆட்சிதானுங்க!" கைதட்டல். "நாங்க வந்தா ஊட்டுக்கு ஊடு மரம் வெப்போம்!" இன்னும் பலமாகக் கைதட்டல்.

கட்சிக்கொடி கட்டிய ஒரு மரக்கன்றை அக்கா கையில் திணித்து போட்டோ எடுத்தார்கள். வெட்டுப்பட்ட வேம்பு படத்தில் விழாதபடி அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள் — அதில் மட்டும் என்ன தெளிவு!

எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட வெட்கம். கூப்பிட்டவன் நான்தானே? இனி மேற்கு வெயில் நேராக ஷெட்டில் இறங்கும். ஈரச்சாக்கைக் கட்டி எத்தனை கோழிகளை அக்கா காப்பாற்றுவார்?

நேற்று எதிரணியிலிருந்து போன். "எங்கண்ணனும் மனு வாங்க வாரேங்கறாருங்க!"

அக்காவிடம் சொன்னேன். மிச்சமிருந்த வேம்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு மரந்தான் பாக்கி, சாமி. மனுவத் தபால்ல போட்டுடுங்க!"