துவைக்காத துண்டு

பறவை வளர்ப்பவர்கள் அவரை அரத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. கூண்டுக் கிளிகளுக்கு வளர்ந்துபோகும் நகத்தையும் அலகையும் வெட்டி, சின்ன அரத்தால் ராவி விடுவது அவர் தொழில். அதற்கு முன்னால் இருபத்தோரு வருடம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவர். தேய்க்கிற மெஷின் வந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய வருடம், மாடி வீட்டுக்காரர் தன் கிளி அலகு நீண்டு தின்ன முடியாமல் கிடக்கிறது என்று புலம்பினார். லென்ஸ் அரத்தாலேயே அதைச் சரிசெய்து கொடுத்தார் இவர். ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டு, ஐந்தாறு வருடத்தில் சைக்கிளை நிறுத்தாத தெருவே இல்லை என்றாகிவிட்டது.

அவர் வாழ்க்கையில் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அக்காவுக்கு. ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி இந்தத் தொழிலில் இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவில் கத்தரியையும் அரத்தையும் கொதிக்க வை என்பதுதான். அவரும் அக்கா சொல்லைத் தட்டவில்லை. போகிற வீட்டு அடுப்பில் சட்டி வைத்து, பத்து நிமிடம் கொதிக்க விட்டுத்தான் பறவையைத் தொடுவார். டாக்டருக்கு மேல் சுத்தம் என்று வீட்டுக்காரர்கள் வாயாரப் புகழ்வார்கள். மனிதர் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்து போவார்.

துண்டின் கதை வேறு. பழுப்பு நிறத்தில், முழம் அகலத்தில், எப்போதும் தோளில் கிடக்கும். எந்தப் பறவையையும் அதில்தான் சுற்றி மடியில் வைப்பார். பிடிக்க வந்தவன் விரலைப் பிய்த்த கிளிகூட அந்தத் துண்டுக்குள் வந்ததும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். துண்டில் எல்லாப் பறவையின் வாசனையும் இருக்கிறது, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி அதற்குத் தெரியும், சோப்புப் போட்டால் போச்சு என்பார். வெயிலில் உதறிக் காயப்போடுவதோடு சரி. ஊருக்கெல்லாம் சுத்தம் சொன்ன ஆள் தன் தோளை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவிடம் காக்கட்டூ என்கிற, தலையில் கொண்டை வைத்த வெள்ளைக் கிளி ஒன்று இருந்தது. ராசா என்பது அதன் செல்லப் பெயர். வயது இருபத்திரண்டு. தம்பியைத் தவிர அவளுக்கென்று இருந்த உயிர் அது ஒன்றுதான். காலையில் அவள் பேப்பர் படிக்கும்போது தோளில் உட்கார்ந்து ஓரத்தைக் கிழிக்கும்; கிழித்த செய்தியை மறுபடி தேடிப் படிப்பாள், திட்டமாட்டாள். மனிதர்களை அவள் திட்டுகிற திட்டைக் கேட்டவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தம்பி வந்து ராசாவின் நகத்தை வெட்டுவார்.

அந்தக் கோடையில் அவருக்கு ஓய்வே இல்லை. போகிற வீட்டிலெல்லாம் அலகு கோணலாக வளர்ந்திருந்தது. ஒரு வீட்டில் இறகு சுருண்டு, குச்சி குச்சியாக உதிர்ந்துகிடந்தது. சத்துக் குறைவு என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார். வேலை வந்து கொட்டுகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. பிறகு அந்த சந்தோஷத்தை நினைத்து நினைத்து அவர் குமைந்தார்.

ஒருநாள் பறவை டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். மேஜையில் பதினொரு காகிதங்கள். பதினொரு பறவைக்கும் ஒரே வைரஸ். இறகையும் அலகையும் கெடுக்கிற நோய், மருந்து கிடையாது. மனிதரை ஒன்றும் செய்யாது. நோயுள்ள பறவையின் இறகுத்தூளில் ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அலகு கோணலாவதே இந்த நோயால்தான் என்றாள். அலகு கோணினால் யாரைக் கூப்பிடுவார்கள்? இவரைத்தானே. பதினொரு வீட்டுக்காரர்களும் இவரைத்தான் சொல்லியிருந்தார்கள்.

கொதிக்க வைக்கிறேனே என்று அவர் சட்டிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பார்வை அவர் தோளுக்குப் போனது.

"இந்தத் துண்ட எப்ப துவைச்சீங்க?"

வாசனைக் கதையைச் சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். பதினொரு பறவையும் அவர் கண்முன் வரவில்லை. ராசாதான் வந்தது. போன முறை அக்கா ஒன்று சொல்லியிருந்தாள்: ராசா மூக்கை எவ்வளவு பளபளன்னு ஆக்கிட்டே. அவர் அலகைத் தொடவே இல்லை. இருந்தாலும் பாராட்டை வாங்கிக்கொண்டார். அதைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. நல்ல காக்கட்டூவின் அலகில் எப்போதும் வெள்ளைத் தூள் படிந்திருக்க வேண்டும், பளபளத்தால் அதுதான் முதல் அறிகுறி என்றாள்.

அன்றே அக்கா வீட்டுக்குப் போய், அவள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, கூண்டுக்கு அடியில் கிடந்த இறகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அறுபது வயதில் கூடப்பிறந்தவள் வீட்டில் திருட்டு. சோதனை முடிவு வர பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் துண்டைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, மூன்று முறை கொதிக்க வைத்து, வெளுத்துப் போகும்வரை துவைத்துவிட்டார். வெள்ளம் வந்தபின் அணை கட்டிய வேலை. சைக்கிள் மூலையில் நின்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே போய், வாசலுக்கு வெளியே நின்று, என்னால் வந்தது என்று சொன்னார். ஒருத்தர் கதவைச் சாத்தினார். ஒருத்தர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

முடிவு வந்ததும் அக்கா முன்னால் போய் நின்றார். நோய் ராசாவுக்கும் இருந்தது. கத்தரி, அரம் எல்லாம் நீ சொன்னபடி கொதிக்க வைத்தேன் என்று ஆரம்பித்தார். முப்பது வருடம் தியேட்டரில் நின்றவளிடமா அது எடுபடும்?

"துண்ட துவைச்சியா?"

"இல்லக்கா."

அக்கா பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அதன்பின் மூன்று மாதம் அவர் தினமும் போனார். டீ தம்ளர் மேஜைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. ராசாவின் மார்பு வெறும் தோலானது. அலகு ஓரம் வெடித்து உள்ளே அழுகியது. ஊறவைத்த தானியத்தை அக்கா விரலால் நசுக்கி ஊட்டினாள். ஒருநாள் அதையும் விழுங்க முடியாமல் ராசா வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தது. அன்று அவளே, வலியில்லாமல் முடித்துவிடச் சொல்லி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா கூண்டுக்குள் கைவிட்டதும் ராசா அலறியது. இருந்த நாலு இறகையும் அடித்துக்கொண்டு கம்பியில் மோதியது. அக்கா மூன்று மாதத்துக்குப் பிறகு தம்பியைப் பார்த்துப் பேசினாள்.

"துண்டக் கொண்டா."

"வெளுத்துட்டேன்கா. அதுல ஒரு வாசனையும் இல்ல. அடங்காது."

"கொண்டான்னா கொண்டா."

ஓட்டமாகப் போய் எடுத்து வந்தார். பழுப்பு எல்லாம் போய், ஆஸ்பத்திரித் துணி மாதிரி இருந்தது. ராசாவை அதில் சுற்றினார். இரண்டு தரம் உதறியது. பிறகு எப்போதும் போலத் தலையை அவர் முழங்கை மடிப்பில் வைத்து, கண்ணை மூடி அடங்கிவிட்டது.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"வாசனையாவது மண்ணாவது. அது உன் கைக்குத்தான்டா அடங்கியிருக்கு. தினம் துவைச்சிருக்கலாம்."

டாக்டரம்மா ஊசியை எடுத்தாள். கையை எடுத்துவிடாமல் அப்படியே வைத்திருக்கச் சொன்னாள். அவர் வைத்திருந்தார்.