நல்ல தண்ணிக் கிணறும் நான் போட்ட புல்தரையும்

புது வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள் யாராவது என்னிடம் வந்து, "முன்னால கொஞ்சம் இடம் கெடக்கு சார், புல்லு போடலாமா?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "உங்க வீட்டுல பருப்பு வேகுதா?" வந்தவர் என் முகத்தையும் என் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். ரிட்டயர் ஆனதும் ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்கிறவர்களும் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு வீடு வாங்கினேன். அப்போது நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் ஹெட் கிளார்க். வீடு சுமார்தான். ஓடு ஒழுகும், நிலைப்படியில் கரையான். ஆனால் புறவாசலில் ஒரு கிணறு இருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, எல்லாம் உப்பு. குளிக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதுவும் வந்தால் உண்டு. எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணி. விடிந்ததும் தெருப் பெண்கள் ஆளுக்கு இரண்டு குடத்தோடு புறவாசல் வழியாக வருவார்கள். அது வீட்டோடு சேர்ந்து வந்த வழக்கம், யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

வீட்டை விற்றவர் உப்பு வியாபாரி. பத்திரம் முடிந்த அன்று என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சார், இங்கன நல்ல தண்ணி மேல மிதக்கு, உப்பு அடியில கெடக்கு. வாளியில மொண்டு எத்தனை குடம் எடுத்தாலும் ஒண்ணும் செய்யாது. மோட்டார் போட்டு உறிஞ்சினீங்கன்னா அடியில கெடக்கது மேல ஏறிரும். அப்புறம் லேசுல எறங்காது" என்றார். உப்பு விற்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் உப்பு ஞாபகம் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டி வைத்தேன்.

வினை புல்லில் ஆரம்பித்தது. எங்கள் மேனேஜருக்குக் கடற்கரைச் சாலையில் பங்களா. வருஷப் பிறப்புக்கு ஆபீஸ்காரர்களைக் குடும்பத்தோடு டீக்குக் கூப்பிட்டிருந்தார். புல்தரையில் பிரம்பு நாற்காலிகள். என் மனைவி யாருக்கும் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைப் புல்லில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற வழியில், "குளுகுளுன்னு இருந்துச்சு" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் புல்தரை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில், மேனேஜர் வீட்டுப் புல் ஹெட் கிளார்க் வீட்டிலும் இருக்கிறது என்று நாலு பேர் பேச வேண்டும் என்கிற ஆசை எனக்கு.

வாரப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் வீட்டுத் தோட்டம் பற்றி எழுதிவந்தார். கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்தேன். அவர் சொன்னபடியே மேல் மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்தேன், வண்டி வண்டியாகச் செம்மண் அடித்தேன், மட்டம் பார்த்து நிரவினேன். ஓரத்தில் அறுகம்புல் தன் பாட்டுக்குப் படர்ந்து கிடந்தது. பிள்ளையாருக்குச் சாத்துகிற புல் பங்களாவில் இல்லையே என்று அதை வேரோடு பிடுங்கி எறிந்தேன். வெளியூர் நர்சரியிலிருந்து நீளமான இங்கிலீஷ் பேர் கொண்ட மெல்லிய புல்லை வரவழைத்துப் பதித்தேன். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடச் சொல்லியிருந்தார் பத்திரிகைக்காரர். அவர் வீட்டு வாசலில் ஆறு ஓடியிருக்க வேண்டும். ஒரு வாரம் வாளியில் இறைத்தேன், இடுப்பு போய்விட்டது. அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றை வாங்கிக் கிணற்றில் மாட்டினேன்.

இரண்டு மாதத்தில் வாசல் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, தோணி ஓட்டும் தண்டலின் பெண்சாதி, வாய்க்கு வேலி போடாதவள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சார், இதுல மிதிக்கலாமா, இல்ல விழுந்து கும்பிடணுமா?" என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் மிதிக்க நான் யாரையும் விடவில்லை, என் மனைவியைக்கூட. வேர் பிடிக்கட்டும், வேர் பிடிக்கட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பங்குனி பிறந்ததும் புல்லின் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு. மறுநாள் இரண்டு உள்ளங்கை. ஆபீசில் உட்கார்ந்தால் சரக்குச் சீட்டில் மஞ்சள் திட்டு தெரிந்தது. நோட்டைப் புரட்டினேன். மஞ்சள் என்றால் தாகம் என்று பத்திரிகைக்காரர் எழுதியிருந்தார். மோட்டாரை இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து ஓட விட்டேன். மஞ்சள் அதிகமானது. அக்கா மீன் கழிவைப் புதைக்கச் சொன்னாள். பச்சைக் குடலைத் தொட அருவருத்துக்கொண்டு, நான் கருவாட்டுத் தூள் ஒரு மூட்டை வாங்கிக் கொட்டினேன். ஊர்ப் பூனையெல்லாம் என் வாசலுக்கு வந்தது. கொட்டின இடமெல்லாம் புல் கருகியது. "நான் பச்சை மீனைச் சொன்னேன், நீங்க உப்புக் கருவாட்டைப் போட்டா நான் என்ன செய்ய?" என்றாள் அக்கா. அப்படியும் மனசுக்குள் பழியை அவள் மேல்தான் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தெருவில் பருப்பு வேகாமல் போனது. என் மனைவி இரண்டு மணி நேரம் அடுப்பெரித்தும் துவரம்பருப்பு சிறு கல் மாதிரி சட்டியில் உருண்டது. "அண்ணாச்சி பழைய சரக்கைத் தள்ளிவிடுதாரு" என்றாள். தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியைத்தான் சொன்னாள். எல்லார் வீட்டிலும் இதே கதை. அக்கா வேகாத பருப்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கடைப் பலகையில் கொட்டி, "இதை நீரே தின்னும்!" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தாள். பெண்கள் துவரையை விட்டுவிட்டு, சீக்கிரம் வேகிற பாசிப்பருப்பு வாங்க அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். பருப்பு வாங்கப் போன இடத்திலேயே புளியும் மிளகாயும் வாங்கினார்கள்.

ஒரு நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் லேசாகக் கரித்தது. கரித்ததா, இல்லை என் பயம் நாக்கில் ஏறிக்கொண்டதா என்று தெரியவில்லை. இன்னொரு வாய் மொண்டு பார்த்தேன். உப்பு வியாபாரி சொன்னது அப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஆறுமுகநேரிக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அடுக்களையில் புகுந்து இரண்டு சட்டி வைத்தேன். இரண்டிலும் அண்ணாச்சி கடைப் பருப்பு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் பருப்பு அரை மணி நேரத்தில் மலர்ந்துவிட்டது. மற்றதை விரலால் நசுக்கினேன், நசுங்கவில்லை. ஒருவேளை அடுப்பு சரியில்லையோ என்று சட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் நசுங்கவில்லை. இரண்டையும் குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினேன்.

மோட்டாரை அன்றே கழற்றியிருக்க வேண்டும். கழற்றினால் புல் சாகும், செத்தால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் இரண்டு வேளையை ஒரு வேளையாகக் குறைத்தேன். பயந்தவன் எடுக்கிற முடிவெல்லாம் பாதி முடிவுதான். காலையில் பெண்கள் வந்து இறைக்கும்போது நான் வீட்டுக்குள் போய் பேப்பரை விரித்துக்கொள்வேன். ராட்டினம் கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் திக்கென்றது. இன்றைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று காத்திருப்பேன். உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் யார் நாக்கிலும் சட்டென்று படவில்லை. அண்ணாச்சியைத்தான் திட்டினார்கள். இப்படி ஒரு மாதம்.

ஒரு சாயங்காலம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். கடையைச் சாத்திவிட்டு அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை.

"சார், ஒரு லெட்டர் எழுதணும். உங்களுக்குத்தான் கை வந்த கலையாச்சே" என்றார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"விருதுநகர்ல எம் மச்சினன் மண்டி வச்சிருக்கான். பருப்பு அவன்கிட்டதான் எடுக்கேன். இத்தனை வருசத்துல ஒரு சொல்லு வந்ததில்ல. இப்போ தெருவே எங்கடையை விட்டுப் போயிட்டு. சொந்தக்காரன்தானேன்னு அழுகலைத் தள்ளிவிடுதான் சார். இனி ஒன் சரக்கும் வேண்டாம், ஒன் வீட்டு வாசப்படியும் வேண்டாம்னு நல்லா காரமா எழுதுங்க."

நான் எழுதினேன். கப்பல் கம்பெனிகளோடு சண்டை போட்டுப் பழகின கை. நன்றாகவே எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அண்ணாச்சி இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் தடவை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரியா இருக்கு சார். காலையில போட்டுருதேன்" என்றார். என் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார்.

விடிந்ததும் பனியனோடு கடைக்கு ஓடினேன். அக்கா சோப்புக் கட்டி வாங்க நின்றுகொண்டிருந்தாள். அவள் போன பிறகு சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். கடிதம் மடித்தபடி கல்லாப் பெட்டி மேல் இருந்தது.

"அண்ணாச்சி, லெட்டரைப் போடாதீங்க. பருப்பு நல்ல பருப்பு. கிணறு உப்பாயிட்டு. புல்லுக்கு மோட்டார் போட்டு நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

அண்ணாச்சி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி பருப்பை அள்ளிப் பார்த்தார். "அப்ப எம் மச்சினன் மேல தப்பில்ல" என்றார். கடிதத்தை நாலாகக் கிழித்தார். "நல்ல வேளை சார், வந்து சொன்னீங்க" என்று என்னைக் கும்பிட்டார். அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அக்கா கேட்டாள், "எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"ஒரு மாசமாச்சு."

"ஒரு மாசமா எம் பிள்ளைகளுக்கு அதைத்தான் குடிக்கக் குடுத்தேன்" என்றாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "நான் பேசினதை மனசுல வச்சுக்கிடாதீரும்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போனாள்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கிணற்றைப் பற்றிப் பேசவே இல்லை. "நானும்தானே அவரைத் திட்டினேன். திட்டவிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே" என்றாள். அன்றே மோட்டாரைக் கழற்றினேன். பத்து நாளில் புல் வைக்கோல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் முதல் தடவையாக அதில் கால் வைத்தாள். "குத்துது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தெருப் பெண்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பொதுக் குழாய்க்கு நடந்தார்கள். வெயிலில், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியாவது ஆறியிருப்பேன். ராட்டினத்தில் சிலந்தி கூடு கட்டியது. தினமும் எழுந்ததும் ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவேன். கூரை ஓரமாகத் தகரம் அடித்து, மழைத் தண்ணீர் முழுவதும் கிணற்றில் விழும்படி செய்தேன். முதல் வருஷம் மழை ஏமாற்றியது. அடுத்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்தது. உப்பளத்தில் குவித்திருந்த உப்பெல்லாம் கரைகிறது என்று ஊர் புலம்பிய நாட்களில் நான் ஒருவன் மட்டும் ஜன்னலோரம் நின்று இன்னும் பெய், இன்னும் பெய் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் வாசலில் அறுகம்புல் தானாகவே வந்து செம்மண்ணை மூடியிருந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. அரிசி களைந்த தண்ணீரை மட்டும் என் மனைவி வீசுவாள். என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அந்தப் புல்லைப் பார்த்துக் கற்றதுதான். உங்கள் மண்ணில் ஏற்கெனவே எது முளைத்துக் கிடக்கிறதோ அதை வளருங்கள். கோடையில் ஒட்ட வெட்டாதீர்கள், விரல் நீளம் இருந்தால் தன் வேருக்குத் தானே நிழல் போட்டுக்கொள்ளும். தினமும் தெளிப்பதைவிட நாலு நாளைக்கு ஒரு தடவை விடியற்காலையில் ஆழமாக நனையுங்கள். மஞ்சளானால் குழாயைத் திறப்பதற்கு முன்னால் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்.

தை மாதம் ஒரு காலையில் அக்கா புறவாசல் வழியாக வந்தாள். கையில் குடம் இல்லை, ஒரு செம்பு மட்டும். சிலந்தி வலையைக் கையால் விலக்கிவிட்டு வாளியை இறக்கினாள். ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். நான் ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பினேன். அன்று காலையில் நானும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்திருந்தேன். உப்பு தெரியவில்லை. ஆனால் என் நாக்கை நம்பி நாளாகியிருந்தது.

மதியம் அவள் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். என் மனைவியிடம் நீட்டி, "ஏளா, அண்ணாச்சி கடைப் பருப்பு. ஒரு கல் உப்புப் போடலை. சாரைச் சாப்பிட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள். நிலையில் சாய்ந்துகொண்டு அங்கேயே நின்றாள்.

பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. இன்னொரு விரல் எடுத்தேன். அதுவும் சப்பென்றுதான் இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் அந்தக் கிண்ணத்தை அவர்கள் இரண்டு பேரும் பார்க்கப் பார்க்க, அழுதுகொண்டே வழித்துத் தின்றேன்.