எங்கள் குசினிக் கதவு

எங்கள் வீட்டில் சமைக்கிற குசினிக்கு இப்போது கதவு இல்லை. ஒரு சாக்குத்தான் தொங்குகிறது. ஏன் என்று யாராவது கேட்டுப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் புதிதாக வருகிறது.

ஈச்சிலம்பற்றுப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவு உக்கி விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது. அதிபர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். வரும், வரும் என்று நாங்களும் இருந்தோம். என் மகள் சாமத்தியப்பட்ட பிறகு, மாதத்தில் அந்தச் சில நாட்கள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றுவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தவறவிட்ட கணிதப் பாடத்தை எட்டிப்பிடிக்க முடியாமல் கொப்பியை மூடிவைத்துவிட்டு அழுவாள். சுகாதாரத் துவாய் வாங்கச் சொல்லி அரசாங்கம் வவுச்சர் கொடுத்தது. அந்தத் துவாயை மாற்றுவதற்கு ஒரு மறைப்பு வேண்டும் என்பது கொடுத்தவர்களின் மண்டையில் ஏறவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பின்தங்கிய பள்ளிக்கூடங்களுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம். நேரில் வந்து பார்த்துத் தெரிவு செய்வார்களாம். தெரிவானால் தண்ணீர் வசதியோடு புது மலசலகூடம் கிடைக்கும்.

ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் சனத்துக்குக் கைகால் சும்மா இருக்காது. சிரமதானம் வைத்து வளவைக் கூட்டினோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வருபவர்கள் இருக்கக் கோயிலிலிருந்து கதிரைகள் வந்தன. மாவிலைத் தோரணம்கூடக் கட்டினோம். எல்லாம் முடிந்த நேரத்தில் ஒரு தாய் கேட்டாள்.

"வாறவையிலை பொம்பிளையளும் இருப்பினம். கக்கூசுக்குக் கதவில்லாமல் எப்பிடி?"

என் மனுசன் வீட்டுக்குப் போய்க் குசினிக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். நீலப் பெயின்ற் அடித்த பலகைக் கதவு. உள்பக்கம் முழுக்க அடுப்புக் கரி. நீலப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிவிட்டு, "வெளியாலை வடிவாத்தானே இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வந்தார்கள். இளநீர் குடித்தார்கள், படம் எடுத்தார்கள். அவர்களில் ஒரு அம்மா மலசலகூடம் போக வேண்டும் என்றார். என் மகள்தான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே நின்றாள். திரும்பி வந்த அந்த அம்மா, "நல்லா வச்சிருக்கிறீங்கள்" என்று எங்களைப் பாராட்டினார். நாங்கள் பூரித்துப்போனோம். மறுநாள் கதவு குசினிக்குத் திரும்பியது.

முடிவு வந்தபோது எங்கள் பள்ளிக்கூடம் தெரிவாகவில்லை. அடிப்படை வசதிகள் திருப்தியாம்.

நான் அதிபரோடு இரண்டு பஸ் மாறி அவர்களின் காரியாலயத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் அதே அம்மா இருந்தார்.

"அது எங்கட குசினிக் கதவு மிஸ். நீங்கள் வாறீங்கள் எண்டு கழட்டிக்கொண்டு வந்து போட்டது" என்றேன்.

"அப்ப நீங்கள் அதைப் போட்டிருக்கக் கூடாது. நாங்கள் கண்டதைத்தானே எழுத ஏலும்?"

"உள்ளுக்குக் கரி இருந்ததே, அதையும் கண்டிருப்பீங்கள்தானே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த முறை பாப்பம்" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கரியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அன்று மலசலகூடத்திலிருந்து வெளியே வரும்போது அவர் சேலையில் பட்ட கரியைத் தட்டிக்கொண்டு வந்ததை என் மகள் கண்ணால் கண்டவள். எந்த ஊரில் கக்கூசுக் கதவில் அடுப்புக் கரி படியும்? கேட்டிருக்கலாமே, "இது என்ன கதவு?" என்று ஒரு வார்த்தை! உதவி வேண்டுமென்றால் பிள்ளைகளைக் கிழிசலோடு நிறுத்திக் காட்ட வேண்டுமாம். வந்தவர்களுக்கு மரியாதை செய்தால் நாங்கள் வசதிக்காரராம். எங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அது அவர்கள் மேல் இருப்பதில் பாதிகூட இல்லை.

அன்று பின்னேரம் மனுசன் மறுபடியும் கதவைக் கழற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டிவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. அந்த மாதம் மகள் ஒரு நாள்கூட வீட்டில் நிற்கவில்லை. குசினிக்குள் நாய் வந்து சட்டியை உருட்டுகிறது. உருட்டட்டும்.

அடுத்த முறை பார்க்க வருவார்களாம். வரட்டும். கதிரை போடுவேன், இளநீரும் கொடுப்பேன், போதும் போதும் என்னும்வரை கொடுப்பேன். ஆனால் அன்று காலையிலேயே அந்தக் கதவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். அந்த அம்மாவுக்கு அவசரம் வந்தால், எங்கள் பிள்ளைகள் இவ்வளவு காலமும் போன மாதிரியே போய்விட்டு வரட்டும். கண்டதை எழுதட்டும்.