நாற்பத்தொரு துண்டாக வந்த கம்பைலர்

போன வாரம் வள்ளி அண்ணி ஒரு தகரப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இத்த ஆடிக்குள்ள ஓட வச்சுக் குடும்மா" என்று மேசைமேல் வைத்துவிட்டு, காபி போடுகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சரி, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கைவசம் ஆயுதம் இருக்கட்டும் என்று, அதற்குள் இருக்கும் பழைய சில்லுக்கு ஏற்ற கம்பைலரை மடிக்கணினியில் தேடினேன். ஒரே ஒரு வரிதான் தட்டினேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் எந்தத் தேசத்திலிருந்தோ முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த கையோடு ஒரு கேள்வி வேறு: இதைவிடப் புதுப் பதிப்பு இருக்கிறது, மாற்றிவிடட்டுமா?

வேண்டாம் என்று அழுத்தினேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். பட்டவளுக்குத்தானே தெரியும்.

கம்பைலர் என்றால் வேறொன்றுமில்லை. நாம் எழுதும் புரோகிராமைச் சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் மென்பொருள். சில்லுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். நடுவில் நின்று பேசி முடித்துக்கொடுக்கும் தரகர்தான் கம்பைலர். எல்லாத் தரகர்களையும் போலவே, நாம் சொன்னதை அப்படியே போய்ச் சொல்வாரா என்பதில்தான் சிக்கல்.

பெட்டியின் பக்கவாட்டில் காற்றுக்காகப் போட்ட துளைகளில் மூக்கை வைத்துப் பார்த்தேன். தூசி, குங்குமம், அடியில் எங்கோ கொஞ்சமாக ஈயம் பற்றவைத்த வாடை. அந்த வாடை வந்ததும் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் போவேன். டிப்ளமோ முடித்த புதிது, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மிதிப்பேன், உலகத்தையே நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைப்பு. வேலை, தண்ணீர் மோட்டாருக்கு டைமர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். புரோகிராம் எழுதத் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். அதனால் எனக்கு இருந்த திமிருக்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

ஏகாம்பரம் அண்ணன் எங்கள் தெருவின் சீரியல் செட்காரர். வள்ளி அண்ணியின் வீட்டுக்காரர். ஆடி மாசம் அம்மன் கோயில் விழாவுக்குத் தெருமுனையில் பெரிய போர்டு நட்டு, அதில் பல்பு பல்பாகக் கோத்து அம்மனை எழுப்புவார். பக்கத்தில் மயில் ஒன்று தோகையை விரிக்கும், மடக்கும். அதையெல்லாம் ஓட்டியது ஒரு மர உருளை. மோட்டார் அதைச் சுற்றும், மேலே அடித்த செப்புத் தகடு ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுத்தொட்டு விளக்கேற்றும். டகடகவென்று சத்தம், நெருப்புப் பொறி, வாரம் ஒரு முறை தகடு தீய்ந்து போகும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அண்ணே, இத்தனையும் ஒரு சில்லு பண்ணும், கட்டைவிரல் நீளம்தான்" என்று அவர் கேட்காமலே போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தையும் கட்டைவிரலையும் மாறிமாறிப் பார்த்தார். "செஞ்சு குடு இஞ்சினியரம்மா. ஆனா நடுவுல உட்டுட்டு ஓடிராத."

சில்லை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துச் செய்து கொடுத்தேன். மயில் ஓடியது. ஆனால் ஏகாம்பரம் அண்ணனுக்கு ஆசை அடங்கவில்லை. தாமரை மலரணும், வேல் சுத்தணும், தாயே என்ற பேர் எழுத்தெழுத்தாக வரணும். நானும் வீம்புக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் புரோகிராம் சில்லுக்குள் கொள்ளவில்லை. கொஞ்சம்தான் வழிந்தது, ஆனால் வழிந்தது வழிந்ததுதான்.

என் கையில் இருந்த கம்பைலர் இலவசமானது. ஊர் பேர் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது. ஆவடியில் இருந்த ஒரு சிநேகிதி, ஊர் மாறிப் போவதற்கு முன்னால், இரண்டு பிளாப்பித் தட்டில் கொடுத்தது. விலை கொடுத்து வாங்கும் கம்பைலர் பற்றி முதலாளியிடம் பேச்செடுத்தால் அவர் எழுந்து பாத்ரூம் போய்விடுவார். அப்போதுதான் எங்கோ படித்தேன், இதற்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, தேவையில்லாததை எல்லாம் கழித்துப் புரோகிராமைச் சின்னதாக்கித் தரும் என்று. இதைவிட வேறென்ன வேண்டும்?

எடுப்பது எப்படி? இன்டர்நெட் என்பது அப்போது எங்கள் கம்பெனியில் முதலாளி அறைக்குள் இருந்த ஒரே டெலிபோன் ஒயர். அதில் இ-மெயில் மட்டும் வரும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் ஒரு கணினிக்கு, இன்ன கோப்பு வேண்டும் என்று கடிதம் போட்டால், அது கோப்பை எழுத்துகளாக மாற்றி, துண்டு துண்டாக நறுக்கி, பதில் கடிதங்களாக அனுப்பிவைக்கும். நாம் எல்லாத் துண்டையும் வரிசையாக ஒட்டித் திருப்பி மாற்றினால் கம்பைலர். என் கம்பைலர் நாற்பத்தொரு துண்டு.

இரண்டு நாள் போனது. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்மா, உனக்கு வெளிநாட்லேர்ந்து நாப்பது கடுதாசி வந்துகீது."

"ஆமா சார்."

"ஒண்ணத் தொறந்து பாத்தேன். தப்பா நெனச்சுக்காத. வரிக்கு வரி எம், எம்னு ஆரம்பிச்சு ஒண்ணுமே புரியாத எழுதிக்கீறான். ரகசிய பாஷையா?" குரலைத் தாழ்த்தினார். "ஊட்ல தெரியுமா?"

கோப்பை அப்படி எழுத்தாக மாற்றும்போது வரிகள் எம்மில்தான் தொடங்கும். இதை அவருக்கு விளக்க அரைமணி நேரம் ஆனது, நம்பினாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. பின்னாளில் நான் கட்டிக்கொண்டவர் பெயர் எம்மில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு வந்த முதலாளி பத்திரிகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டியதை நான் மறக்க முடியாது.

நாற்பது வந்தது என்றாரே, அதுதான் கஷ்டம். முப்பத்தேழாவது துண்டைக் காணோம். மறுபடி கடிதம் போட்டேன். அந்த மகராசன் நாற்பத்தொன்றையும் முதலிலிருந்து அனுப்ப ஆரம்பித்தான். டெலிபோன் நாள் முழுக்கக் கொய்யென்று கத்தியது, வாடிக்கையாளர் யாரும் முதலாளியைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் முப்பத்தேழு வந்த அன்றைக்கு நான் ஆபீசில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஒட்டினேன், வேலை செய்தது. சேமித்து வைக்கப் பிளாப்பி இல்லை. பழைய கம்பைலர் இருந்த இரண்டையும் அழித்து அதிலேயே புதுசை ஏற்றி, லேபிளில் பழைய எண்ணை அடித்துப் புது எண் எழுதினேன். அன்று எல்லாரும் அப்படித்தான் செய்வோம், பிளாப்பி அவ்வளவு அருமை. புரோகிராம் சில்லுக்குள் அடங்கியது. அதுவும் தாராளமாக அடங்கியது. எப்படி இவ்வளவு இளைத்தது என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டாமா நான்?

விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஏகாம்பரம் அண்ணன் சுவிட்சைப் போட்டார். அம்மன், மயில், தாமரை, வேல், பேர் எல்லாம் ஒரே சமயத்தில் பளிச்சென்று எரிந்தன. எரிந்தபடியே நின்றன. மயில் அசையவில்லை.

"நல்லாத்தானே கீது" என்றார் ஒரு அம்மா.

"இது இன்னா கல்யாண மண்டபமா, எல்லாம் ஒரேடியா எரியறதுக்கு?" என்றார் ஏகாம்பரம் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விழாக் கமிட்டிக்காரர் பக்கத்தில் வந்து, காலைக்குள் சரியாகவில்லை என்றால் சென்னீர்குப்பத்துச் சீரியல் செட்காரரைக் கூப்பிட்டுவிடுவோம், அவர் உருளையோடு தயாராக இருக்கிறார் என்றதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. அண்ணனுடைய பழைய உருளை எங்கே என்று மெதுவாகக் கேட்டேன். என் பேச்சை நம்பிச் செப்புத் தகடு முழுவதையும் உரித்துப் போர்டுக்குள் இணைப்புக்குப் போட்டுவிட்டாராம்.

"எந்தெருவுலயே எனக்கு லைட்டு இல்லன்னா, நாளைக்கு எந்தத் தெருவுல போய் கம்பம் நடுவேன், சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலையில் முதலாளியே வந்து கம்பெனியைத் திறந்துவிட்டார். ஏகாம்பரம் அண்ணனும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்றிரண்டு படத்தைக் குறைத்துக்கொண்டு பழைய கம்பைலருக்கே திரும்பிவிடலாம் என்று பிளாப்பிக்குக் கை போன பிறகுதான், அதை நானே அழித்தது ஞாபகம் வந்தது. அதையும் துண்டு துண்டாக வரவழைப்பதற்குள் ஆவணி வந்துவிடும். வேறு வழியில்லாமல், கம்பைலர் எழுதித் தந்ததை வரிவரியாகப் படித்தேன். ஒரு வரிசை எரிந்ததும், ஒன்று முதல் முப்பதாயிரம் வரை சும்மா எண்ணிவிட்டு அடுத்த வரிசைக்குப் போ என்று நான் எழுதியிருந்தேன். அந்த எண்ணும் நேரம்தான் மயிலின் அசைவு. வெளிவந்ததில் அந்த எண்ணிக்கையே இல்லை. எண்ணி வந்த விடையை யாரும் உபயோகிக்கவில்லை, ஆகவே வீண்வேலை என்று புது கம்பைலர் தூக்கி எறிந்திருக்கிறது. விளக்குகள் இமைப்பதற்குள் மாறின, கண்ணுக்கு எல்லாம் ஒன்றாக எரிவதுபோல் தெரிந்தது.

"அப்ப, சும்மா நின்னு எண்ணிகினு இருந்தவன வேலய உட்டுத் தூக்கிட்டான்" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"ஆமாண்ணே."

"அவன் கைல இன்னாத்தயாவது குட்து, வேல செய்றா மாதிரி நிக்க வைம்மா. கட்டட வேலைக்குப் போனப்ப, மேஸ்திரி வந்தா நாங்க அப்படித்தான் கல்ல தூக்கிகினு நிப்போம்."

சில்லின் கம்பிக் கால்களில், எதற்கும் இணைக்காமல் ஒன்று மிச்சம் இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தக் காலில் மின்சாரத்தை ஒரு முறை ஏற்றி இறக்கு என்று எழுதினேன். வெளியே கம்பி இருக்கிறதா இல்லையா என்று கம்பைலருக்குத் தெரியாது, அதனால் கைவைக்கவில்லை. புரோகிராம் மீண்டும் கொஞ்சம் பெருத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சில்லுக்குள் அடங்கியது.

அந்தச் சில்லின் நெற்றியில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்தால் அதன் வழியே பழைய புரோகிராம் அழியும், புதுசு எழுதியதும் வெளிச்சம் படாமல் ஒட்டி மூடிவிட வேண்டும். ஒட்டும் தாள் அன்று பார்த்துத் தீர்ந்துபோயிருந்தது. என் நெற்றியில் இருந்த அரக்குப் பொட்டைப் பிய்த்து ஒட்டினேன். முதலாளி இதையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு மட்டும் திருப்தியில்லை. "சும்மா காலாட்டிகினு கீறான்னு என்னிக்காவது கண்டுபிடிச்சா மறுபடி தூக்கிருவான். நெசமாவே ஒரு வெளக்கு குடு அவனுக்கு." அதெல்லாம் கம்பைலருக்குத் தெரியாதுண்ணே என்றால் கேட்கவில்லை. அந்தக் காலில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கை வைத்து, பெட்டியின் முகப்பில் துளை போட்டுப் பொருத்தினேன். வேகமாக ஏறி இறங்குவதால் மங்கலாக எரிந்தபடி நிற்கும், யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாயங்காலம் மயில் தோகை விரித்தது. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடியிலும் ஏகாம்பரம் அண்ணன் போர்டைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைத்தான் பார்ப்பார். "வேலயில்லாதவன் எரியிறானா?" என்று கேட்பார். எரிந்தால்தான் மற்றதற்குச் சுவிட்சைப் போடுவார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போர்டுகளும் போய்விட்டன. இப்போது சுருட்டிக் கொண்டுவந்து தொங்கவிடும் திரைவிளக்குகள்தான், அதற்குள்ளேயே எல்லாச் சில்லும் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் அடுக்குமாடி. பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்து, வீடு மாறியபோது தூக்கிப் போட்டோம்.

நேற்று வள்ளி அண்ணி வந்திருந்தபோது பெட்டியைத் திறந்தேன். என் பொட்டு காய்ந்து சுருண்டு கீழே கிடந்தது. பெட்டி மூடி இல்லாமல் எத்தனை நாள் அண்ணன் கடையின் ஜன்னலோரம் இருந்ததோ, சில்லின் கண்ணாடி வழியே வெயில் இறங்கி எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருக்கிறது. மயில், தாமரை, முப்பதாயிரம் வரை எண்ணியது, ஒன்றும் மிச்சமில்லை. புதிதாக எழுதிக் கொடுத்துவிடலாம், ஒரு மத்தியான வேலை. ஆனால் அது அந்த மயிலாக இருக்காது.

எதற்கும் பார்ப்போம் என்று மின்சாரம் கொடுத்தேன். அழிந்த சில்லு தன் கால்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, அதாவது எல்லாக் காலிலும் மின்சாரத்தை ஏற்றியபடி, நிற்கும். வரிசை விளக்குகளுக்குக் கால் இறங்கினால்தான் உயிர், அதனால் அவை வரவில்லை. அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் அன்று அவசரத்தில் தலைகீழாக, கால் ஏறினால் எரியும்படி இணைத்திருந்தேன். அது எரிந்தது, முன்பைவிடப் பிரகாசமாக.

வள்ளி அண்ணி குனிந்து பார்த்தார். "வேலயில்லாதவன் எரியிறான்" என்றார். "அப்ப எல்லாம் நல்லாத்தான் கீது, இல்லம்மா?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றேன்.