எந்த ஊர்த் தமிழ் நல்ல தமிழ்?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியன். சனிக்கிழமை காலைகளில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன். அதே அறையில் முன்பு டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர்தான் உரிமையாளர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அங்கிருந்துதான் நான் உலகத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்.

அது ஒரு மின்னஞ்சல் குழு. தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேள்வி அனுப்புவார்கள். தமிழ் தெரிந்த நாங்கள் பத்துப் பதினைந்து பேர், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பதில் எழுதுவோம். எழுதுவோம் என்பது பேச்சுக்கு. வேற்றுமை உருபு பற்றிக் கேள்வி வந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். 'வீட்டுக்கு', 'வீட்டிற்கு' எது எப்போது என்று கேட்ட ஜப்பானியர் ஒரு மாதம் காத்திருந்துவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நெதர்லாந்திலிருந்து ஒரு நர்ஸ் ஒற்றை வரியில் கேட்டாள்: "எந்த ஊர்த் தமிழ் நல்ல தமிழ்?"

அவ்வளவுதான், ஊமைகள் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். மரியாதையான தமிழ் எங்களுடையது என்றார் கோயம்புத்தூர்க்காரர். அதைத் தஞ்சாவூர்க்காரர் மரியாதையில்லாமல் மறுத்தார். நீங்கள் பேசுவது எதுவுமே தமிழ் இல்லை என்று யாழ்ப்பாணத்தவர் ஒருவர் எங்களை மொத்தமாக ஒதுக்கிவைத்தார். நான் சும்மா இருப்பேனா? பொதிகையில் பிறந்த தமிழ் தாமிரபரணியோடு இறங்கி வந்து முதலில் நனைத்தது எங்கள் நாக்கைத்தான் என்று மூன்று பக்கம் எழுதினேன். ஆதாரம் ஒன்றும் கையில் கிடையாது. அதனால் எழுத்து சரளமாக வந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. கடைசியில் கனடாவிலிருந்த குழு நிர்வாகி ஒரு விதி போட்டார்: ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளை மட்டுமே இனி கேட்கவேண்டும். எந்தக் கேள்விக்கு ஒரே விடை உண்டு என்று அடுத்த நாளே ஒருவர் கேட்க, அதில் இன்னும் இரண்டு வாரம் ஓடியது.

நான் ஆவேசமாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அண்ணாச்சி பக்கத்தில் வந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு எதுக்காம் சார் நல்ல தமிழு?"

"படிக்கத்தான் அண்ணாச்சி."

"அது தெரியுது. யார்ட்ட பேசுததுக்குன்னு கேட்டியளா?"

கேட்கவில்லை. எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றே தனியாக எழுதிக் கேட்டேன். அவளுடைய மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்யப்போகிறாள். மாப்பிள்ளைக்கு ஊர் ஆழ்வார்திருநகரி. அவர் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அம்மாவோடு பேசவேண்டும். எங்கள் ஆற்றங்கரை ஊர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறெதுவும் விசாரிக்காமல் வாரம் ஒரு பாடம் அனுப்பினேன். வாங்க, இங்கன இருங்க. சாப்பிட்டியளா? பைய நடங்க. அவள் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தாள்.

கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. பஸ் பிடித்துப் போனேன். வாசலில் மாப்பிள்ளையின் அப்பா நெற்றி நிறைய நாமத்தோடு கைகூப்பியபோதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேதாகமத் தமிழ், மற்ற நாட்களில் தெருத் தமிழ். நான் சொல்லிக்கொடுத்தது அந்தத் தெருத் தமிழை. ஊர் எது என்று கேட்ட நான், யார் வீடு என்று கேட்டிருக்கவில்லை. ஊருக்குள் எத்தனை தமிழ் உண்டு, எது எந்த வாசலோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததா? குழுவுக்கு எழுதிய அந்த மூன்று பக்கத்தில் அதை ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் யார் என்று சொன்னதும் மடிசார் கட்டிய மணப்பெண் உரக்கச் சொன்னாள்: "வாங்க சார்! இங்கன இருங்க. சாப்பிட்டியளா?"

பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஏ யம்மா, நம்மள மாரியே பேசுதே!" என்று கன்னத்தில் கைவைத்தாள். உறவுக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அருகில் வந்தார்.

"நீங்கதான் அந்த வாத்தியாரா?"

"ஆமாம்மா."

"எங்காத்துல 'சாப்டேளா'ன்னுதான் கேப்போம். இவ வந்த நாளா என்னைப் 'பைய நடங்க அத்தை'ங்கறா. எங்க மன்னி கேட்டுட்டுச் சிரிக்கறா."

நான் ஏதோ மன்னிப்புக் கேட்டு முனகினேன்.

"இருக்கட்டும். இவளாவது பேசறா. எம் பிள்ளை போன்ல 'ம்'ங்கறதோட சரி. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க பாடத்தை நிறுத்திக்கோங்கோ."

அடுத்த சனிக்கிழமை நடந்ததை நடந்தபடியே குழுவுக்கு எழுதினேன். அங்கே நான் எழுதியதில் உண்மையான கடிதம் அது ஒன்றுதான். சொந்த அனுபவம், சரி தவறு தீர்மானிக்க முடியாதது என்று நிர்வாகி அதைக் குழுவின் இணையப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார். நீக்குவதற்குள் படித்துவிட்ட கோயம்புத்தூர்க்காரர், உங்கள் தமிழ் உங்கள் ஊரிலேயே செல்லுபடியாகவில்லையே என்று தனியாகத் துக்கம் விசாரித்திருந்தார்.

மணமக்கள் ஒரு மாதம் ஆழ்வார்திருநகரியில்தான் இருந்தார்கள். அங்கிருந்து எனக்கு ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது, கோணல்மாணலான தமிழ் எழுத்தில். "அத்தை என்னைத் தினமும் 'போடி அசடே' என்கிறார். திட்டுகிறாரா, கொஞ்சுகிறாரா?"

சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும் என்று பெரிய மனுஷத்தனமாகப் பதில் போட்டேன்.

நாலாம் நாள் மறு கடிதம்: "அப்போது அவர் எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார். முதுகுதான் தெரிகிறது."

அந்தக் கேள்வியை நான் குழுவுக்கு அனுப்பவில்லை.